தாக்கப்படும் ஊழியரும் கட்டப்படும் நோயாளியும்

(மருத்துவத்துறை தொழிற்சங்கங்களில் செயல்படும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் மருத்துவர்களும் செவிலியர்களும் வீதிக்கு வந்தனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் 20 அன்று தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மருத்துவமனை ஊழியர்களின் பாதுகாப்பு நாடு தழுவிய விவாதப் பொருளாயிற்று. கண்காணிப்புக் கேமராக்கள், பாதுகாப்புக் காவலர்கள், கடுமையான தண்டனை, தனியான மத்தியச் சட்டம் என்று கோரிக்கைகள் எழுந்தன. அந்த விவாதத்தில் அநேகமாக எவர் நினைவுக்கும் வராத ஒரு பகுதியினர் உண்டு. அரசு மனநல மருத்துவமனைகளின் உள்நோயாளர் வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்கள், வார்டு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள்தான் அவர்கள்.

பொது மருத்துவமனையில் ஊழியரைத் தாக்குபவர் பெரும்பாலும் நோயாளியின் உறவினர்; அல்லது வெளியிலிருந்து வந்தவர். அவர் மீது வழக்குப் பதியலாம். தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் 2008 முதலே இதற்கெனத் தனிச் சட்டங்கள் உள்ளன. அவை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பது வேறு கேள்வி. மனநல வார்டில் நிலைமை அடிப்படையிலேயே வேறு. அங்கு அடிப்பவர் சிகிச்சையில் இருக்கும் நோயாளி. தான் செய்வது என்ன என்று அறிய இயலாத மனநிலையில் ஒருவர் செய்யும் செயல் குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு கூறியது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவும் அதையே கூறுகிறது. அது நியாயமான விதி. எனவே பத்தாண்டு சிறை என்று சட்டத்தில் எழுதி வைத்தாலும் அது அந்த வார்டின் இரவுப் பணியாளருக்கு ஒரு கவசமாக அமையாது. மூக்குடைந்த உதவியாளருக்கு வேண்டியது, அந்த அடி விழாமல் இருந்திருக்கக்கூடிய ஒரு வார்டு.

இதைச் சொல்லும்போதே ஒரு தவறான எண்ணத்தையும் அகற்றியாக வேண்டும். மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்பது திரைப்படங்களும் பத்திரிகைத் தலைப்புகளும் வளர்த்த கற்பிதம். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவர் மீதும் கை ஓங்குவதில்லை. வன்முறைக்கு இலக்காகிறவர்களாகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். ஆனால் உள்நோயாளர் வார்டு என்பது சமூகத்தின் சராசரி அல்ல. நோயின் உச்சத்தில் இருப்பவர்கள், விருப்பமின்றி அழைத்துவரப்பட்டவர்கள், போதைப் பழக்கத்தை நிறுத்திய நடுக்கத்தில் இருப்பவர்கள், ஏதோ ஒரு குரலுக்கு அஞ்சி நடுங்குகிறவர்கள் ஆகியோரை ஒரே கூரையின் கீழ் பூட்டி வைக்கும் இடம் அது. அங்கு வன்முறை நிகழ்வதை மறுப்பது நோயாளிகளுக்குச் செய்யும் உதவியாகாது. அடிபட்ட ஊழியரிடம் "அவர்கள் அப்பாவிகள்" என்று உபதேசம் செய்தால், அவர் அடுத்த முறை கயிற்றைத் தேடுவார்.

வன்முறை எப்படி உருவாகிறது? ஒரு சாதாரண மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோயாளி வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்கிறார். வார்டில் இருப்பது ஒரே ஒரு செவிலியர். அவர் மாத்திரை விநியோகத்தில் இருக்கிறார். "அப்புறம்" என்கிறார். அரை மணி கழித்து மீண்டும் கேட்கிறார். உதவியாளர் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். "போய் உட்காரு" என்கிறார். மூன்றாவது முறை குரல் உயர்கிறது. மற்ற நோயாளிகள் கலவரமடைகிறார்கள். உதவியாளர் அவர் தோளைப் பிடித்துக் கட்டிலுக்குத் தள்ளுகிறார், அடி விழுகிறது. அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்து அவரைப் பிடித்துக் கட்டிப்போட்டு ஊசி போடுகிறார்கள். மருத்துவக் குறிப்பில் "நோயாளி திடீரென மூர்க்கமானார்" என்று எழுதப்படுகிறது. அதில் திடீர் என்று எதுவுமே இல்லை. ஒன்றரை மணி நேரமாக அந்த அடி வந்துகொண்டிருந்தது; அதைப் பார்ப்பதற்கு ஓய்வான ஒரு ஜோடிக் கண்கள் அந்த வார்டில் இல்லை.

உலகம் முழுவதும் இத்துறை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுவது இதைத்தான். கோரிக்கை மறுக்கப்படுதல், கட்டாய மருந்து, உணவுக்கும் குளியலுக்குமான வரிசை, பீடி கிடைக்காமை, எப்போது வீடு திரும்புவோம் என்று தெரியாமை ஆகியவையே பெரும்பாலான மோதல்களின் தொடக்கப் புள்ளிகள். கடைசிக் காரணம் இந்தியாவில் தனி எடை உடையது. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, உள்நோயாளர்களில் சுமார் 36 சதவீதத்தினர் ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக அங்கேயே தங்கியிருப்பவர்கள் என்று கண்டறிந்தது. குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளில்லாமல், போக இடமில்லாமல் கிடப்பவர்கள் இவர்களில் பலர். இவர்கள் நிரப்பியிருக்கும் படுக்கைகளுக்கு நடுவேதான் நோயின் உச்சத்தில் உள்ளவர்களும் புதிதாகச் சேர்க்கப்படுகிறார்கள். நெரிசல் கூடுகிறது, ஊழியர் எண்ணிக்கை கூடுவதில்லை.

இந்த மருத்துவமனைகளின் பிறப்பையும் மறந்துவிடக் கூடாது. எரவாடா என்றவுடன் எவருக்கும் சிறைதான் நினைவுக்கு வரும். அதே எரவாடாவில்தான் 2,540 படுக்கைகள் கொண்ட நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் இவை "பைத்தியக்கார விடுதி"களாகத் தொடங்கப்பட்டன. 1912ஆம் ஆண்டுச் சட்டம்கூட அவற்றை அந்தப் பெயரில்தான் அழைத்தது. சிகிச்சையைவிட, சமூகத்தின் கண்ணிலிருந்து மறைத்துக் காவலில் வைப்பதே அவற்றின் முதல் வேலையாக இருந்தது. உயர்ந்த மதில், பூட்டிய கதவு, சாவிக்கொத்து வைத்திருக்கும் காவலாள் என்ற அமைப்பு அப்படித்தான் வந்தது. உச்சநீதிமன்றத்தின் உத்தரவுப்படி ஆக்ரா, குவாலியர், ராஞ்சி மருத்துவமனைகளைக் கண்காணிக்கத் தொடங்கிய தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுக்குட்பட்ட மருத்துவமனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அன்றும் சிறை போன்ற கட்டமைப்பிலேயே இருந்ததைப் பதிவு செய்தது. பெயர்ப் பலகை மாறிய பிறகும், வார்டு உதவியாளர் என்ற பதவிக்குள் பழைய காவலாள் உயிரோடிருந்தார். அவருக்குச் சிகிச்சை பற்றி எவரும் கற்பிக்கவில்லை. அடக்குவது எப்படி என்பதை மட்டும் மூத்தவரிடமிருந்து அவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இங்குதான் 2018 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வருகிறது. தொழிற்சங்கத் தோழர்கள் பலர் இதை நோயாளிகளுக்கான சட்டம், ஊழியர்களுக்கு எதிரான சட்டம் என்றே கருதுகிறார்கள். 95ஆவது பிரிவு நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் கருகி இறந்த நாட்டில் இந்தத் தடைக்கு விளக்கம் தேவையில்லை. 97ஆவது பிரிவு தனிமை அறையில் அடைப்பதை முற்றாகத் தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு கணமும் நீடிக்காமல் இருக்க வேண்டும். கட்டப்பட்டவர் மருத்துவப் பணியாளரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வும் மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பப்படும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

இரவு 2 மணிக்கு ஒரே ஒரு ஆளாக நிற்கும் உதவியாளருக்கு இதெல்லாம் ஏளனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கொண்டு எந்த மனநல நிறுவனமும் நோயாளியைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே அது. இந்த வரியைச் சங்கங்கள் உரிய முறையில் படிக்கவில்லை என்பதே உண்மை. இதன் பொருள் என்ன? ஆள் இல்லாததால் கட்டிப்போட்டோம் என்பது சட்டத்தின் முன் செல்லாது. அப்படியானால் ஆளை நியமிக்காமல் வைத்திருப்பவர்தான் சட்டமீறலின் மூலகர்த்தா. ஆனால் நடைமுறையில் சிக்குவது யார்? சட்டத்தின் 108ஆவது பிரிவு, முதல் மீறலுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விசாரணை வந்தால் கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்றுதான் பார்க்கப்படும். பணியிடத்தை நிரப்பாத கோப்பில் கையெழுத்திட்ட கையை எவரும் தேடுவதில்லை. கட்டாவிட்டால் அடி, கட்டினால் வழக்கு. கடைநிலை ஊழியரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருப்பது நோயாளியும் அல்ல, சட்டமும் அல்ல.

கட்டிப்போடுவது ஊழியரைப் பாதுகாக்கிறதா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் தேட வேண்டும். ஊழியர் காயங்களில் கணிசமான பகுதி, நோயாளியைப் பிடித்து அடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஏற்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அரசு 1990களில் தன் மனநல மருத்துவமனைகளில் தனிமை அடைப்பையும் கட்டிப்போடுதலையும் படிப்படியாகப் பெருமளவு குறைத்தது. ஊழியர்கள் அஞ்சியபடி அவர்களுடைய காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று பின்னர் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அங்கு கயிற்றைப் பறித்துவிட்டு ஊழியரை வெறுங்கையுடன் விடவில்லை. பயிற்சி அளிக்கப்பட்டது, நெருக்கடி நேரத்தில் உதவிக்கு வரும் குழுக்கள் அமைக்கப்பட்டன, ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் என்ன நடந்தது என்று கூடிப் பேசப்பட்டது.

பிரிட்டனில் உருவான "சேஃப்வார்ட்ஸ்" முறை இன்னும் எளிமையானது. லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதிக்கப்பட்டு 2015இல் முடிவுகள் வெளியாயின. மோதல் நிகழ்வுகள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26 சதவீதமும் குறைந்தன. அதில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஊழியரிடமும் நோயாளியிடமும் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று இருதரப்பும் பேசி எழுதி ஒட்டினார்கள். மறுக்க வேண்டியதை எப்படி மென்மையாக மறுப்பது என்று பழகினார்கள். வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அதை யார், எப்போது, எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்தார்கள். பணி மாற்றத்தின்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்றையேனும் அடுத்த ஷிப்டுக்குச் சொன்னார்கள். வீடு திரும்புகிறவர் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வாசகம் எழுதிவிட்டுப் போனார். நோர்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல் ஆறே அறிகுறிகளைக் கொண்டது: குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொரு ஷிப்டிலும் சில நிமிடங்களில் குறித்துக்கொண்டால் அடுத்த 24 மணி நேரத்தில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனம் தேவை என்பது பெருமளவு தெரிந்துவிடும். பேனாவும் காகிதமும் போதும். ஆனால் அதைக் குறிக்கவும், குறித்ததன்படி செயல்படவும் ஆள் வேண்டும்.

இவை பணக்கார நாடுகளின் ஆடம்பரம் அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர், நெரிசல் தாங்காமல், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளைக் குடும்பத்தினருடன் தங்க வைத்தார். காவலாள் செய்துவந்த வேலையைத் தாயும் சகோதரனும் செய்தனர். மருத்துவர் மாலையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் இந்த அணுகுமுறையை வேலூரும் பெங்களூரும் பின்னர் வளர்த்தெடுத்தன. அண்மைக்காலத்தில் குஜராத்தின் ஆறு அரசு மனநல மையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் "குவாலிட்டி ரைட்ஸ்" திட்டம் செயல்படுத்தப்பட்டபோது ஊழியர்களின் அணுகுமுறையும் சேவைத் தரமும் மேம்பட்டதை ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இந்தியாவின் அரசு மருத்துவமனையில், இந்திய ஊழியர்களைக் கொண்டு செய்ய முடிந்த காரியம் இது.

அப்படியிருந்தும் இது ஏன் பரவவில்லை? விடை வேலைவாய்ப்புக் கொள்கையில் இருக்கிறது. வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர் ஆகிய பணியிடங்கள் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பந்தத்துக்கும் அவுட்சோர்சிங் ஏஜென்சிகளுக்கும் மாற்றப்பட்டுவிட்டன. மென்மையாக மறுப்பதையும், ஒருவருடைய எரிச்சலின் முதல் அறிகுறியை அறிவதையும் ஒரு நாள் பயிற்சியில் கற்க முடியாது. அது அதே நோயாளிகளுடன் மாதக்கணக்கில் பழகுவதால் வருவது. ஏஜென்சி மாறும்போதெல்லாம் முகங்கள் மாறினால் அந்த அறிவு ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகிறது. வணிக வளாகத்தில் கதவு காத்தவர் மறுவாரம் மனநல வார்டில் நிறுத்தப்படுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரே கருவி தடி. நிரந்தர வேலை என்பது இங்கே ஊதியக் கோரிக்கை மட்டுமல்ல. அது சிகிச்சையின் பகுதி.

இடதுசாரிகள் ஆட்சியில் இருக்கும்போது இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. பொது சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்மாதிரியான கேரளத்தில், கோழிக்கோடு குதிரவட்டம் அரசு மனநல மையத்தில் 2022 பிப்ரவரியில் ஒரு பெண் நோயாளி சக நோயாளியால் கொல்லப்பட்டார்; அதையடுத்து நோயாளிகள் தப்பியோடிய நிகழ்வுகளும் நடந்தன. பாதுகாப்பு ஊழியர் பற்றாக்குறை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நட்பு அரசு என்பதற்காகச் சங்கம் மௌனம் காத்தால் நஷ்டம் வார்டில் நிற்பவர்களுக்கே.

பெண் ஊழியர்கள் சந்திக்கும் பிரச்சனை தனியே பேசப்பட வேண்டியது. ஆண்கள் வார்டில் பணிபுரியும் செவிலியர் மீது நோயாளி பாலியல் நோக்கில் கை வைத்தால், "நோய்தானே, பொறுத்துக்கொள்" என்பதே மேலிடத்தின் வழக்கமான பதில். நோயாளியைத் தண்டிக்க முடியாது என்பது வேறு. நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை என்பது வேறு. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மருத்துவமனைகளையும் பணியிடமாக வரையறுத்து, பாதுகாப்பான சூழலை உறுதி செய்யும் கடமையை வேலையளிப்பவர் மீது வைக்கிறது. தனியாக ஒரு பெண்ணை இரவுப் பணியில் நிறுத்தாதே என்று உள்புகார் குழுவின் மூலமே நிர்வாகத்தைக் கேட்க முடியும்.

பணியிட வன்முறைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை 2019இல் நிறைவேறியது. மூன்றாம் தரப்பினரால் நேரும் வன்முறையிலிருந்தும் தொழிலாளியைக் காப்பதை அது அரசின் கடமையாக்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சி மாணவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். இந்தியா அதற்கு இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை.

சங்கக் கூட்டங்களில் எழும் இரண்டு குரல்களை இனி மதிப்பிடலாம். ஒன்று, புறக்காவல் நிலையம் வேண்டும், கட்டிப்போட அனுமதி வேண்டும் என்பது. அது நோயாளியை எதிரியாக்கி, வார்டை மீண்டும் 1912க்கு இழுத்துச் செல்லும், காயங்களையும் குறைக்காது. மற்றொன்று, மருத்துவமனையில் நடக்கும் கொடுமைகளுக்கெல்லாம் கடைநிலை ஊழியரின் மனச்சாட்சியைக் குற்றம் சாட்டும் சில தன்னார்வ அமைப்புகளின் குரல். நாற்பது நோயாளிகளுடன் ஒருவரை விட்டுவிட்டு அவரிடம் கருணையை எதிர்பார்ப்பது நகைப்புக்குரியது. இவ்விரண்டுக்கும் மாற்றான நிலைபாட்டை எடுப்பதற்கு, நோயாளிகளின் குடும்பங்களையும் ஊழியர் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் துணிவு வேண்டும். இத்தாலியின் திரியெஸ்த்தே நகரில் 1971க்குப் பின் ஃபிராங்கோ பசாலியாவுடன் சேர்ந்து மருத்துவமனைக் கதவுகளைத் திறந்தவர்களில் அங்கிருந்த செவிலியர்களும் உண்டு. தொடக்கத்தில் அவர்களுக்கும் அச்சம் இருந்தது. அன்றாடம் மருத்துவர், செவிலியர், நோயாளி எல்லோரும் கூடிப் பேசிய கூட்டங்களில்தான் அது கரைந்தது. 1978 மே மாதம் நிறைவேறிய 180ஆவது சட்டம் அதன் பின்னர் வந்தது.

வேலையை எங்கிருந்து தொடங்குவது? மிகச் சாதாரணமான இடத்திலிருந்து. முதலாவதாக, அடிபடும் ஒவ்வொரு நிகழ்வும் எழுத்தில் பதிவாக வேண்டும். கன்னத்தில் விழுந்த அறையை எவரும் எழுதுவதில்லை. எலும்பு முறிந்தால் மட்டுமே எழுதுகிறார்கள். ஒப்பந்த ஊழியரின் காயம் பணியின்போது ஏற்பட்ட காயம் என்று அன்றே பதியப்படாவிட்டால் ஈ.எஸ்.ஐ. பலனோ இழப்பீடோ பின்னர் கிடைக்காது. ஏஜென்சி "அவர் அன்று பணியிலேயே இல்லை" என்று சொல்லிவிடும். பதிவில் எந்த ஷிப்ட், வார்டில் அப்போது எத்தனை நோயாளிகள், எத்தனை ஊழியர்கள், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்ற விவரங்கள் இருக்க வேண்டும்.

அடுத்து, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு மனுக்கள். ஒன்று மருத்துவமனைக்கு: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, கடந்த ஓராண்டில் இரவு ஷிப்டில் வார்டு வாரியாக எத்தனை பேர் பணியில் இருந்தார்கள். இன்னொன்று மறுஆய்வு வாரியத்துக்கு: 97ஆவது பிரிவின் கீழ் மாதந்தோறும் வந்திருக்க வேண்டிய அறிக்கைகள், நோயாளிகளின் பெயர் நீக்கப்பட்ட வடிவில். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் குறைந்த இரவுகளில் கட்டுகள் கூடியிருந்தால், அது சட்டம் தடை செய்த அதே காரணத்துக்காகக் கட்டியதற்கு நிர்வாகத்தின் சொந்தக் கையெழுத்தில் கிடைத்த சான்று. அறிக்கையே அனுப்பப்படவில்லை என்று பதில் வந்தால், அதுவும் சான்றுதான். அந்தக் காகிதங்களுடன் சங்கமும் நோயாளிகளின் குடும்பத்தினரும் சேர்ந்து முதலில் செல்ல வேண்டிய இடம் மாநில மனநல ஆணையம். அங்கு அசைவில்லை என்றால் உயர்நீதிமன்றம்.